முதுகுத்தண்டு நீர்க்கட்டியால மோஷன் கட்டுப்பாடு போகுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 46 வயசு. கொஞ்ச நேரம் உக்காந்தாலே வால் எலும்பு பக்கம் எரியுது, எம்ஆர்ஐ-ல டார்லோவ் சிஸ்ட்னு வந்திருக்கு. ரெண்டு மாசமா மோஷன் வர்றதே தெரியல, துணி அழுக்கான பிறகுதான் தெரியுது. வீட்ல சொல்லவே கூச்சமா இருக்கு. இதுக்கு சிஸ்ட்தான் காரணமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கூச்சமே வேண்டாம்மா, இது நரம்பு சம்பந்தப்பட்ட பிரச்சனை, உங்க தப்பு இல்ல. 1938-ல டார்லோவ்ங்கிற டாக்டர் விவரிச்ச கட்டி இது, நரம்பு வேரைச் சுத்தி தண்டுவட நீர் தேங்கி பை மாதிரி உப்பிக்கும். பெரும்பாலும் வால் எலும்புக்கு மேல உள்ள எஸ்2, எஸ்3-ங்கிற நரம்பு வேர்லதான் வரும், ஆசனவாய் தசையை இறுக்குறதும் மலம் வந்துருச்சுன்னு மூளைக்கு சொல்றதும் எஸ்2-லேர்ந்து எஸ்4 வரைக்கும் உள்ள நரம்புங்கதான், அதனால கட்டி அழுத்துனா உங்களுக்கு நடக்குற மாதிரி ஆகலாம். ஆனா நிறைய பேருக்கு இந்த கட்டி ஒரு தொந்தரவும் பண்ணாது, அதனால ரிப்போர்ட்ட மட்டும் வச்சு முடிவு பண்ணக்கூடாது. பிரசவத்துல தசை கிழிஞ்சிருக்கா, டிஸ்க் அழுத்துதா, மலச்சிக்கலால கசியுதான்னும் பாக்கணும். நரம்பியல் டாக்டர்கிட்ட போங்க, ஆசனவாய் அழுத்தத்தை அளக்குற மேனோமெட்ரி டெஸ்ட் பத்தியும் கேளுங்க. இடுப்புத் தள பிசியோதெரபி நிறைய பேருக்கு கைகொடுக்குது, ஆபரேஷன் சிலருக்குத்தான் தேவைப்படும்.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க, கழுவும்போது கை படுறதே தெரியாம மரத்துப்போனாலோ, யூரின் அடைச்சுக்கிட்டாலோ, கால் பலமிழந்தாலோ அன்னைக்கே எமர்ஜென்சிக்கு ஓடுங்க, விடியட்டும்னு காத்திருக்காதீங்க.