யூமாவில் குளிர்காலம்: ஆர்.வி. கேள்வி பதில்

ஓய்வுக்குப் பிறகு நானும் மனைவியும் குளிர்காலத்தை அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து யூமாவில், ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டிகளை நிறுத்தித் தங்கும் பார்க்கில்தான் கழிக்கிறோம். அதைப் பற்றி வந்த கேள்விகள் சில.

கேள்வி: மூன்று மாதத் தங்கலுக்கு நாள் வாடகையா, மாத வாடகையா?

பதில்: மாத வாடகைதான். நாள் கணக்கு கட்டுப்படியாகாது. ஆனால் மாத வாடகையில் பெரும்பாலும் மின்சாரம் சேராது. மீட்டர் பார்த்துத் தனியாக வாங்குவார்கள். முன்பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்களுடையது 30 ஆம்ப் வண்டி. ஹீட்டரும் இண்டக்‌ஷன் அடுப்பும் சேர்ந்து ஓடினால் பிரேக்கர் விழுகிறது. 50 ஆம்ப் இடத்துக்கு மாறலாமா?

பதில்: மாறியும் பயனில்லை. 30 ஆம்ப், 120 வோல்ட் என்றால் மொத்தமே 3,600 வாட். ஹீட்டர் 1,500, அடுப்பு 1,800; மிச்சம் என்ன இருக்கிறது? அடாப்டர் போட்டு பார்க்கின் 50 ஆம்ப் மின் இணைப்புக் கம்பத்தில் செருகினாலும் வண்டிக்குள் அதே 30தான். சமைக்கும்போது ஹீட்டரை அணைத்துவிடுங்கள், குளிருக்கு வண்டியில் எரிவாயுவில் ஓடும் புரொபேன் ஃபர்னஸைப் போடுங்கள்.

கேள்வி: கழிவுக் குழாய்தான் எப்போதும் மாட்டியிருக்கிறதே, கழிவறைத் தொட்டியின் வால்வைத் திறந்தே விடலாமா ஐயா?

பதில்: வேண்டவே வேண்டாம்! தண்ணீர் வடிந்து ஓடிவிடும், கெட்டியானது மட்டும் அடியில் தங்கிக் காய்ந்து இறுகிவிடும். அப்புறம் அதைக் கரைப்பது பெரும்பாடு. மூடியே வையுங்கள், தாராளமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் திறந்துவிடுங்கள். அது காலியான பிறகு குளியல், பாத்திரத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் குழாயும் கழுவப்பட்டுவிடும்.

கேள்வி: அண்ணை, நாங்கள் ரொறன்ரோவில் இருக்கிறம். அங்கை எவ்வளவு காலம் நிற்கலாம்?

பதில்: கனடாக் குடிமக்களை வழக்கமாக ஆறு மாதம் வரை அனுமதிப்பார்கள். ஆனால் நீங்கள் அமெரிக்க வரிக்கு உட்பட்டவரா என்று பார்க்கும் கணக்கு வேறு. இந்த ஆண்டு அமெரிக்காவில் இருந்த நாட்களோடு போன ஆண்டின் மூன்றில் ஒரு பங்கையும் அதற்கு முந்தைய ஆண்டின் ஆறில் ஒரு பங்கையும் கூட்டுவார்கள். 183 வரக் கூடாது. ஆண்டுதோறும் 120 நாள் என்றால் 120, 40, 20: மொத்தம் 180, தப்பித்தீர்கள். 183ஐ எட்டினால், கனடாவோடுதான் நெருங்கிய தொடர்பு என்று அமெரிக்க வரித் துறைக்கு 8840 படிவம் கொடுக்க வேண்டும். ஒன்ராறியோ மருத்துவக் காப்பீட்டுக்கு 12 மாதத்தில் 212 நாள் வரை வெளியே இருக்கலாம். ஆனாலும் பயணக் காப்பீடு இல்லாமல் எல்லை தாண்டாதீர்கள். பழைய சர்க்கரை, இதய நோய் எதையும் விண்ணப்பத்தில் மறைக்கவும் வேண்டாம்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வண்டி வாங்க ஆசை. அவ்வளவு சின்ன இடத்தில் இரண்டு பேர் மூன்று மாதமா என்று எனக்குப் பயம்.

பதில்: உங்கள் பயம் நியாயம்தான் அம்மா. வண்டியை இப்போது வாங்க வேண்டாம். பல பார்க்குகளில் 'பார்க் மாடல்' என்று 400 சதுர அடிக்குள் நிலையாக நிற்கும் சிறு வீடுகள் மாத வாடகைக்குக் கிடைக்கும். ஒரு ஜனவரி மாதம் அதில் இருந்து பாருங்கள். பகலில் 20 டிகிரி செல்சியஸ் வெயில், முக்கால்வாசி நேரம் வெளியேதான் இருப்பீர்கள். அப்படியும் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் வண்டிப் பேச்சை அவர் விட்டுவிட வேண்டும்.