மகள் சிறைச் சுகாதாரம் படிக்கட்டும், அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு பயங்கள் இருக்கின்றன. "இதைப் படிச்சா வேலை கிடைக்குமோ?" என்று முதலிலேயே கேட்டுவிட்டீர்கள். மற்றதைக் கடைசியில் இரண்டு வரியில் எழுதி முடித்திருக்கிறீர்கள்: கணவர் தடுப்பில் இருந்து வந்தவர், விசாரணை என்று ஆட்கள் வீட்டுக்கு வந்துபோன காலத்தை நீங்கள் மறக்கவில்லை, மகள் அந்தக் கதையை மறுபடி கிளறப் போகிறாளே என்ற பயம். வேலைக்கான வழியை என்னால் விவரமாகச் சொல்ல முடியும். ஆனால் இரண்டாவது பயம் தீராமல் நான் சொல்லும் எந்த வழியும் உங்களுக்கு நல்லதாகத் தெரியாது. அதனால் மகள் என்ன படிக்க ஆசைப்படுகிறாள் என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

அவள் ஆராய விரும்புவது சிறையிலும் விளக்கமறியலிலும் தடுப்பிலும் இருந்தவர்களின் சுகாதாரத்தை. வழக்கைப் பற்றி அவள் கேட்கப்போவதில்லை. குற்றம் செய்தவர் யார், செய்யாதவர் யார் என்பது அவளுடைய வேலைக்குள் வராது. ஒருவர் பூட்டிய கட்டடத்துக்குள் போகும்போது என்ன வருத்தத்தோடு போனார், பிரசர் மாத்திரையும் சீனி மாத்திரையும் உள்ளே தொடர்ந்து கிடைத்தனவா, வெளியே வந்தபின் எந்தக் கிளினிக்கில் பதிந்தார், அவர் இல்லாத காலத்தில் வீட்டில் பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்பவைதான் அவளுடைய கேள்விகள். கர்ப்பிணித் தாய்மாரின் கொப்பியைக் குடும்பநல உத்தியோகத்தர் அக்கறையோடு பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்த அக்கறை எட்டாத ஒரு கூட்டத்துக்கு அதைக் கொண்டுபோகும் படிப்பு இது.

காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றோட்டம் இல்லாத அறையில் ஆட்கள் நெருக்கமாகப் படுத்தால் அந்தக் கிருமி பரவும். இலங்கைச் சிறைகளில் இருக்க வேண்டிய அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பங்கினர் தீர்ப்பு வராத விளக்கமறியல்காரர். இன்று உள்ளே போவார்கள், சில கிழமையில் பிணையில் வருவார்கள், திரும்பவும் போவார்கள். காவலாளிகள் ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போகிறார்கள். அறைக்குள் இருக்கும் இருமல் ஊருக்குள் வர அதிக நாள் எடுக்காது. சாதாரண காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து குடிக்க வேண்டும். மூன்றாம் மாதத்தில் ஒருவரை வேறு சிறைக்கு மாற்றினாலோ பிணையில் விட்டாலோ அவருடைய மருந்து அட்டை அவருக்குப் பின்னால் போகிறதா? போகாமல் இடையில் நின்றால் மருந்துக்கு அடங்காத காசநோய் உருவாகும். அதை ஒருவர் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால்தான் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கும் சிறைக்கும் நடுவில் எங்கே கயிறு அறுகிறது என்று தெரியவரும். அப்படி எண்ணத் தெரிந்த ஆளாக உங்கள் மகள் வரலாம்.

இப்படி எண்ணியதால் நடைமுறை மாறிய இடங்கள் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையான 30,237 பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. வெளியே வந்த முதல் இரண்டு கிழமையில் அவர்கள் இறக்கும் அபாயம், அதே மாநிலத்தின் மற்ற மக்களைப் போல 12.7 மடங்காக இருந்தது. முதன்மைக் காரணம் அளவு மீறிய போதைமருந்து. வாசல் திறந்து வெளியே வருகிற நாளில்தான் ஆள் மிகவும் தனித்துப்போகிறார் என்பதை அந்த எண் காட்டிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 2006இல், சான் பிரான்சிஸ்கோவில் விடுதலையானவர்களுக்கென்றே ஒரு கிளினிக்கைத் தொடங்கியிருந்தார்கள். சிறையில் இருந்துவந்த ஆட்களையே பயிற்றுவித்து அங்கே சமூக சுகாதாரப் பணியாளராக வைத்தார்கள். இன்று அமெரிக்காவில் பல இடங்களில் அந்த முறை நடக்கிறது. அங்குள்ள கணக்கு எங்களுக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அங்கே கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும்.

வன்னியில் அந்தக் கேள்வி இரண்டு தலைமுறையைத் தொடுகிறது. போர் முடிந்த 2009க்குப் பிறகு, விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தவர்கள் என்று சுமார் 12,000 பேர் புனர்வாழ்வு முகாம்களில் இருந்து வந்தார்கள். அவர்களில் பலருக்கு உடம்பில் செல் (எறிகணை) துண்டு இன்னும் கிடக்கிறது. கூலி வேலைக்குப் போய்க் குனிந்து நிமிரும்போது குத்துகிறது. ஒரு கை இல்லாதவர், ஒரு காது கேளாதவர், இரவில் நித்திரை வராதவர் என்று எத்தனையோ பேர். ஆண்களுக்குப் பின்னால் வீட்டைத் தாங்கிய பெண்கள் இருக்கிறார்கள். தடுப்பில் இருந்து வந்த பெண்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி ஊர் இன்னும் கூடக் கூசிக் கதைக்கிறது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களின் கூட்டு மனவடுவை 2010இலேயே ஆராய்ந்து எழுதினார். அந்த மக்களுக்கு வயது ஏறியபின் என்ன நடக்கிறது, நாற்பது ஐம்பது வயதில் அவர்களுக்கு என்ன வருத்தம் வருகிறது என்று பின்தொடர இங்கேயே பிறந்து வளர்ந்த ஆய்வாளர்கள் வேண்டும்.

அடுத்த தலைமுறை வேறு காரணத்துக்கு உள்ளே போகிறது. ஐஸ், ஹெரோயின், கஞ்சா, கசிப்பு. 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிராகப் பொலிஸ் தொடங்கிய யுக்திய நடவடிக்கையில் நாடு முழுவதும் பெருந்தொகையானோர் பிடிபட்டார்கள். தண்டப் பணம் கட்ட முடியாததால் மட்டுமே சிறைக்குப் போகும் ஏழைகளும் இந்த நாட்டில் ஏராளம். போதைக்கு அடிமையான பெடியனை றிமாண்டில் போட்டால் அவனுடைய நடுக்கத்துக்கும் வாந்திக்கும் யார் மருந்து கொடுப்பது? வெளியே வந்ததும் அவனை எந்த வைத்தியர் பொறுப்பெடுப்பது? உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வீடு இருக்கும், அம்மா. அந்த வீட்டுத் தாயும் உங்களைப் போலத்தான் நித்திரை இல்லாமல் கிடக்கிறார்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். வன்னி மக்களைக் கேள்வி கேட்டவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. சி.ஐ.டி. கேட்டது, தொண்டு நிறுவனம் கேட்டது, பத்திரிகைக்காரர் கேட்டார், பல்கலைக்கழகத்தில் இருந்து படிவத்தோடு வந்தவரும் கேட்டார். சொன்னது எங்கே போனது என்று சொன்னவருக்குத் தெரியாது. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் எத்தனை குடும்பம் என்னென்ன பட்டது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே நீங்கள் பயப்படுவது சரி. அந்தப் பயத்தை மகளும் கொஞ்சம் தன்னோடு வைத்திருக்க வேண்டும் என்றுகூட நான் சொல்வேன்.

ஏனென்றால் இந்தத் துறையின் முதல் பாடமே அதுதான். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஹோம்ஸ்பர்க் என்ற சிறை இருந்தது. 1951இலிருந்து 1974 வரை அங்கே கைதிகளின் தோலில் மருந்துகளையும் இரசாயனங்களையும் பரிசோதித்தார்கள். கைச்செலவுக்குக் காசு கிடைக்கும் என்பதற்காக அவர்கள் கையெழுத்து வைத்தார்கள். பூட்டி வைத்திருப்பவரிடம் வாங்கும் சம்மதம் உண்மையான சம்மதமா என்ற கேள்வி அதற்குப் பிறகு பலமாக எழுந்தது. 1978இல் அங்கே கைதிகள் மீதான ஆய்வுக்குத் தனி விதிகள் வந்தன. இன்று மனிதரைப் பற்றிய எந்த ஒழுங்கான ஆய்வும் ஒரு நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் தொடங்க முடியாது. யாழ்ப்பாண மருத்துவ பீடத்திலும் அப்படி ஒரு குழு இருக்கிறது. சிறைக்குள் போவதென்றால் சிறைச்சாலைகள் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும்.

மகள் பழக வேண்டியது இதுதான். படிவத்தில் பெயர் எழுதக்கூடாது, இலக்கம் மட்டும் போடவேண்டும். பெயரும் இலக்கமும் சேர்ந்த பட்டியலை வேறோர் இடத்தில் பூட்டி வைக்கவேண்டும். ஆய்வுக்குத் தேவை இல்லாததைக் கேட்கவே கூடாது. முதுகு நோவைப் பற்றி அறிய வந்தவள் "இயக்கத்தில என்ன பொறுப்பில இருந்தீங்கள்?" என்று கேட்க எந்தக் காரணமும் இல்லை. எழுதாத தகவலை யாரும் வந்து வாங்கிப்போக முடியாது. நடுவில் எழுந்து போக விரும்பினால் போகலாம், அதனால் மருந்தோ உதவியோ நிற்காது என்று முதலே சொல்லவேண்டும். 2022இல் இலங்கையில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று ஒரு சட்டம் நிறைவேறியது, அதையும் அவள் வாசித்திருக்க வேண்டும். இந்த ஒழுங்கு மக்களைக் காக்கிறது, கூடவே ஆய்வாளரையும் காக்கிறது. தன் பெயரில் தனியாகக் கொப்பியோடு வீடு வீடாகத் திரிவதற்கும், பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதத்தோடு மேற்பார்வையாளரின் கீழ் போவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. முதலாவதை அவள் செய்யக்கூடாது. நானும் அவளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

இனிப் படிப்பு. "சிறைச் சுகாதாரம்" என்ற பெயரில் முதல் பட்டம் எதுவும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் தேடிக் கிடைக்காது. அதனால் ஓர் அடிப்படைத் தொழிலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறவேண்டும். மகளுக்கு இது பிடிக்கவில்லை, நேராக ஆராய்ச்சிக்குப் போக ஆசை. என் முடிவு வேறு. உயிரியல் பிரிவில் அவள் எடுத்திருக்கும் புள்ளிக்கு யாழ் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடத் தாதியியல் பட்டத்தை முதலாவதாகப் போடச் சொல்கிறேன். அரசாங்க வேலைக்கு வழி இருக்கிறது, நோயாளியோடு கதைக்கும் பழக்கம் வரும், எந்த ஆய்வுக் குழுவும் அந்தத் தகுதியை மதிக்கும். இரண்டாவதாக ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தின் சுகாதார மேம்பாட்டுப் பட்டம். அது மிகிந்தலையில் நடக்கிறது, வவுனியாவுக்குக் கிட்ட. தகுதிப் பாடங்கள் வருடத்துக்கு வருடம் மாறக்கூடும், இந்த வருடக் கைநூலையே பாருங்கள்.

மாவட்டக் கோட்டாவை மறக்க வேண்டாம். பல கற்கைகளில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. முல்லைத்தீவு அந்தக் கடைசிப் பட்டியலில் இருக்கிறது. கொழும்பு வெட்டுப்புள்ளியைப் பார்த்து மனம் உடைகிற பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் காண்கிறேன், அது தேவையே இல்லாத கண்ணீர்.

பட்டத்தோடு மூன்று பழக்கம். புள்ளிவிபரவியல் முதலாவது. கணக்குப் பார்க்க ஆர் என்ற மென்பொருள் இலவசம், ஒரு பழைய மடிகணினி போதும். ஆங்கிலம் வாசிக்க வேண்டும், ஆய்வுகள் அதில்தான் வருகின்றன. மூன்றாவது சிங்களம். இதை அழுத்திச் சொல்கிறேன். எங்கள் ஆட்கள் பலர் அநுராதபுரத்திலும் வெலிக்கடையிலும் மகசின் சிறையிலும் இருந்தார்கள், இருக்கிறார்கள். நெஞ்சு நோகிறதா வயிறு நோகிறதா என்று வைத்தியருக்கு விளங்கப்படுத்த மொழி இல்லாமல் நின்றவர்கள் உண்டு. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு 20 சிறைகளில் நடத்திய ஆய்வை 2020இல் வெளியிட்டது. நெரிசலையும் மருத்துவக் குறைகளையும் அது விரிவாகப் பதிந்தது. அடுத்த ஆய்வுக் குழுவில் தமிழும் சிங்களமும் தெரிந்த, வன்னிப் பேச்சு விளங்கிய ஒரு தாதி இருந்தால் அவளுடைய இடத்தை வேறு யாரும் எளிதில் நிரப்ப முடியாது.

வேலை பற்றி உண்மையைச் சொல்கிறேன். தொண்டு நிறுவனத் திட்டங்களில் சம்பளம் நல்லது, ஆனால் திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். பல்கலைக்கழக ஆய்வு உதவியாளர் பதவியும் பெரும்பாலும் தற்காலிகம். அதனால்தான் தாதியியலை முதலில் வைக்கிறேன். நிரந்தர வேலை கிடைத்தபின் பொதுச் சுகாதாரத்தில் முதுகலைக்குப் போகலாம், வெளிநாட்டுப் புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கலாம். கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று சொல்லும் ஐக்கிய நாடுகள் சபையின் மண்டேலா விதிகள் 2015இல் புதுப்பிக்கப்பட்டபோது, வெளியில் உள்ளவருக்குக் கிடைக்கும் தரத்தில்தான் கைதிக்கும் மருத்துவம் கிடைக்க வேண்டும், அது அரசின் பொறுப்பு என்று உறுதிப்படுத்தின. ஆகவே இந்த வேலைக்குத் தேவை குறையப்போவதில்லை. கதவு மெதுவாகத்தான் திறக்கும். மகளுக்கு முப்பது வயதாகும்போதுதான் அவள் ஆசைப்பட்ட வேலையின் நடுவில் நிற்பாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டைப் பற்றி ஒன்று. மகள் தன் அப்பாவைத் தன் முதல் ஆய்வாக எடுக்கக்கூடாது. சொந்த வீட்டை ஆராய்ந்தால் அப்பாவாலும் மறுக்க முடியாது, மகளாலும் ஒழுங்காக எழுத முடியாது. அப்பா தானாகச் சொன்னால் கேட்கட்டும், கொப்பி இல்லாமல். அவருக்கு இரவில் நித்திரை இல்லை என்று எழுதியிருந்தீர்கள். மாவட்ட வைத்தியசாலை மனநலக் கிளினிக்குக்கு அவரை ஒருநாள் கூட்டிப்போங்கள். அதற்கு மகளின் பட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

விண்ணப்பம் இணையத்தில் போடுவதற்கு முன், கற்கைகளின் வரிசையைத் தாளில் எழுதிக்கொண்டு அவளை என்னிடம் அனுப்புங்கள். பெறுபேற்றுப் பத்திரமும் கைநூலும் கொண்டுவரட்டும். நீங்களும் வாருங்கள், உங்கள் கணவரும் வர விரும்பினால் வரட்டும்.