பதில்: 1966 எம்ஜிபி-ல ஏசி போட்ட பிறகு காத்து மந்தம், சிக்னல்ல ஹீட்

வணக்கம் நண்பரே. உங்க பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபி-ல ஏசி போட்ட பிறகு ஏசி கேஸ் சரியா இருக்கு, கம்ப்ரசர் 'டக்'னு பிடிக்குது, ஆனா காத்து மந்தமா வருது, சிக்னல்ல நின்னா ஹீட் ஏறுதுன்னு எழுதியிருக்கீங்க. ஃபேன் மோட்டார்களோட சிவப்பு (பிளஸ்) வயரை சுவிட்சுக்கும் கறுப்பை (மைனஸ்) பாடிக்கும் கொடுத்ததா சொன்னீங்களே, எனக்கு அங்கதான் சந்தேகம்.

1967 வரைக்கும் வந்த எம்ஜிபி எல்லாம் பாசிட்டிவ் எர்த். பாடிதான் பிளஸ். உங்க வண்டியில யாரும் மாத்தலைன்னா உள்ள காத்து தர்ற புளோயரும், முன்னாடி ஏசி சூட்டைத் தணிக்கிற கண்டென்சர் ஃபேனும் தலைகீழா சுத்துது. கம்ப்ரசரைப் பிடிக்க வைக்கிற கிளட்ச் காயிலுக்கு பிளஸ், மைனஸ் பேதம் கிடையாது, அதனால அது மட்டும் ஒழுங்கா வேலை செஞ்சு உங்களை ஏமாத்துது. புளோயர் ரிவர்ஸ்ல சுத்தினாலும் காத்து முன்பக்கமாத்தான் வரும், ஆனா பலம் இருக்காது. ஃபேன் கதை வேற. ரேடியேட்டருக்குப் போக வேண்டிய காத்தை அது வெளிய தள்ளுது. இன்ஜினை நிறுத்தி, ஃபேனை மட்டும் ஓடவிட்டு, கிரில் முன்னாடி ஒரு தாள் பிடிங்க. உள்ள இழுக்கணும், பறந்துச்சுன்னா சந்தேகமே வேண்டாம்.

வயரை மாத்திப் போட்டா இப்போதைக்கு ஓடும். ஆனா பேட்டரியை சார்ஜ் பண்ற உங்க லூகாஸ் டைனமோ கொடுக்கிறதே 22 ஆம்பியர். ராத்திரி ஹெட்லைட்டோட ஏசியும் போட்டா பேட்டரி படுத்துடும். நெகட்டிவ் எர்த்துக்கு, அதாவது பாடி மைனஸா இருக்கிறதுக்கு மாறி, டைனமோவுக்குப் பதிலா 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் போடுறதுதான் சரி. அப்போ இக்னிஷன் காயில் வயர்களை இடம் மாத்தணும். ஆர்பிஎம் மீட்டரையும் உள்ள திறந்து மாத்தணும், கொஞ்சம் நச்சு வேலை.

தாள் எந்தப் பக்கம் போச்சுன்னு எழுதுங்க.