வாசகர் கேள்வி – பதில்: கால்வாய்க் கடனும் கணக்கும்

கேள்வி: 2022 ஏப்ரலில் நம் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியதைப் பற்றி வகுப்பில் பேசியபோது, அமெரிக்க மாநிலங்கள் சிலவும் ஒரு காலத்தில் கால்வாய்க்கும் ரயில் பாதைக்கும் வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் நின்றன என்று ஆசிரியர் கூறினார். அந்தப் பணத்தை யாரும் கண்காணிக்கவில்லையா?
– உயர்தர மாணவி ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: கண்காணித்த மாநிலமும் உண்டு, கண்காணிக்கத் தவறிய மாநிலங்களும் உண்டு. வயல் வேலைகளை மேற்பார்க்கும் வட்டை விதானையே பணத்தையும் வைத்துக்கொண்டு கணக்கையும் தானே எழுதினால் நம் வயற்காரர்கள் சும்மா இருப்பார்களா? நியூயோர்க் மாநிலம் ஈரிக் கால்வாயைத் தொடங்கிய 1817இலேயே இதை உணர்ந்திருந்தது. கால்வாயை வெட்டுவிக்க ஓர் ஆணைக்குழுவும், கடன் வாங்கிப் பணத்தைக் காக்க, மாநிலத்தின் உயர் அதிகாரிகளைக் கொண்ட கால்வாய் நிதியம் என்ற வேறோர் அமைப்பும் நியமிக்கப்பட்டன. உப்பு வரி, ஏல வரி, கால்வாய்ச் சுங்கம் ஆகியவை அந்த நிதியத்துக்கென்றே ஒதுக்கப்பட்டன. கடன் தீரும்வரை உப்பு, ஏல வரிகளை வேறெதற்கும் திருப்பக் கூடாது என்று 1821இன் அரசியலமைப்பே விதித்தது. 363 மைல் நீளமும் 70 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட செலவும் கொண்ட அந்த வேலை 1825இல் முடிந்தது.

அந்தக் கண்டிப்பு எவ்வளவு என்பதற்கு மைரன் ஹொலி என்ற ஆணையாளரின் கதையே சான்று. காட்டிலும் சதுப்பிலும் குதிரையில் அலைந்து கால்வாய் வேலைக்காக 25 இலட்சம் டொலருக்கு மேல் கொடுத்து முடித்த அவர், ஏறத்தாழ 30,000 டொலருக்குப் பற்றுச்சீட்டுக் காட்ட முடியாமல் 1824இல் பதவி விலகினார். தம் சொத்தையும் அரசிடம் ஒப்படைத்தார். அவர் கையாடவில்லை என்பது பின்னர் ஏற்கப்பட்டாலும், நேர்மையானவரிடமும் சீட்டுக் கேட்கப்பட்டதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஈரியின் வெற்றியைப் பார்த்த ஏனைய மாநிலங்கள் கால்வாயைப் பின்பற்றின, கணக்கு முறையைப் பின்பற்றவில்லை. இந்தியானா 1836இல் ஒரே சட்டத்தால் ஒரு கோடி டொலர் கடனுக்கு அனுமதி வழங்கியது. மிச்சிகன் ரயில் பாதைகளுக்கும் கால்வாய்களுக்குமாக 50 இலட்சம் டொலர் பிணைமுறிகளை (கடன் பத்திரங்களை) வெளியிட்டு, முழுப் பணமும் கைக்கு வருமுன்பே அவற்றை விற்பனை முகவர்களிடம் கொடுத்துவிட்டது. அந்த நிறுவனங்கள் முறிந்தபோது முறிகள் அந்நியர் கையில் இருந்தன, பணம் மட்டும் வரவில்லை. 1841 முதல் 1843 வரை எட்டு மாநிலங்கள் கடன் தவணை தவறின. அவற்றுள் தெற்கு மாநிலங்களின் கடன் பெரும்பாலும் வங்கிகளுக்காக வாங்கப்பட்டது. நியூயோர்க்கும் 1838இன் பின் எதிர்காலச் சுங்கத்தை மிகையாக எதிர்பார்த்துக் கடனை ஏற்றிக்கொண்டதால், 1842இல் வேலையை நிறுத்தி மக்கள்மீது வரி விதிக்க நேர்ந்தது. அதன்பின், பெருங்கடனுக்கு வாக்காளரின் ஒப்புதல் வேண்டும் என்று 1846இல் அந்த மாநிலமும், மாநிலம் கடன்படுவதையே பெரும்பாலும் தடுத்து 1851இல் இந்தியானாவும் அரசியலமைப்பில் எழுதின.

கேள்வி: ரயில் பாதைகள் தனியார் கம்பனிகளிடம் போன பிறகு அரசு என்ன செய்தது?
– அதே மாணவி

பதில்: மிச்சிகன் தன் மத்திய ரயில் பாதையை 1846இல் 20 இலட்சம் டொலருக்கு விற்றுவிட்டது. தனியார் கம்பனிகளைப் பொறுத்தவரை, மசாசூசெட்ஸ் 1869இல் அமைத்த ரயில்வே ஆணைக்குழுவே சிறந்த முன்மாதிரி. கட்டளையிடும் அதிகாரம் அதற்கு மிகக் குறைவு; கம்பனிகளின் கணக்கைக் கேட்டு வாங்கி, ஆராய்ந்து, ஆண்டறிக்கையில் எல்லோரும் படிக்க அச்சிடும் உரிமையே அதன் கையில் இருந்தது.