கவுன்சில் ஆட்கள் வந்தால் பள்ளியில் கோளாறு என்று அர்த்தமா?

மகளின் இயர் 6 (தொடக்கப் பள்ளியின் கடைசி ஆண்டு) எழுத்துத் திறன் மதிப்பீட்டைச் சரிபார்க்கக் கவுன்சிலிலிருந்து, அதாவது உள்ளாட்சி மன்றத்திலிருந்து வருகிறார்கள் என்றதும் பள்ளி ஏதோ சிக்கலில் மாட்டிவிட்டது என்று பயந்திருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம். இங்கிலாந்தில் ஒவ்வொரு கவுன்சிலும் ஆண்டுதோறும் தன் பொறுப்பிலுள்ள பள்ளிகளில் குறைந்தது 25 சதவீதத்தில் இதைச் செய்தே ஆக வேண்டும். இந்த முறை உங்கள் பள்ளி, அவ்வளவுதான்.

வாசிப்புக்கும் கணக்குக்கும் மே மாதத்தில் தேர்வு உண்டு, விடைத்தாளை வெளியார் திருத்துகிறார்கள். எழுத்துக்குத் தேர்வே இல்லை, டீச்சர் சொல்வதுதான் முடிவு. அதனால்தான் இந்தச் சரிபார்ப்பு. வருபவர் சில பிள்ளைகளின் நோட்டுகளைப் புரட்டி, 'இந்தப் பத்தியைப் பிள்ளை தானாக எழுதியதா, வகுப்பில் சொல்லிக்கொடுத்ததா?' என்று டீச்சரைக் குடைவார். ஆதாரம் போதவில்லை என்றால் மதிப்பீடு மாறும். பிள்ளையைத் தனியாகச் சோதிக்க மாட்டார்கள்.

தேர்வு வாரத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, வினாத்தாள் கட்டுகள் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பது வேறு வேலை. அதையும் கவுன்சில்தான் செய்யும்.

பள்ளியின் தரமே கவலை என்றால், முதலில் அது அகாடமியா, அதாவது கவுன்சிலின் கீழ் இல்லாமல் அரசின் நேரடி நிதியில் இயங்கும் பள்ளியா என்று பாருங்கள். கவுன்சில் நடத்தும் பள்ளிக்குக் கவுன்சிலே எச்சரிக்கை நோட்டீஸ் அனுப்பலாம். அகாடமிக்கு அனுப்ப முடியாது, அது அரசின் கல்வித் துறையின் கையில். இப்போதைக்கு டீச்சரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: சரிபார்ப்புக்குப் பிறகு மகளின் மதிப்பீடு மாறியதா?