வாசகர் கேள்வி பதில்: கூண்டுக்கு முன்னால் நின்று எதைக் கவனிப்பது?

கோடை லீவுக்கு எங்க அம்மிணியைக் கூட்டிக்கொண்டு ஒரு நகரத்து மிருகக்காட்சி சாலைக்குப் போனோம். பாதிக் கூண்டுகள் காலி. ஒரு புள்ளிமானின் கொம்பில் ரத்தத்தோடு தோல் கிழிந்து தொங்கியது. முதலை வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடந்தது. முள்ளம்பன்றி எழுந்திரிக்கவே இல்லை. நரி மட்டும் கம்பியோரமாகப் போவதும் வருவதுமாக இருந்தது. விலங்குகளைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று எழுதிப் போடலாமா?
– வாசகி, தாராபுரம்

எழுதலாம், ஆனால் நரியைப் பற்றி எழுதுங்கள். மற்றவற்றில் பெரும்பாலும் இயற்கையானதைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

ஆண் புள்ளிமானுக்குக் கொம்பு விழுந்து விழுந்து முளைக்கும். வளரும்போது அதன்மேல் ரத்த ஓட்டமுள்ள மெத்தென்ற தோல் மூடியிருக்கும். கொம்பு முற்றியதும் மரத்தில் தேய்த்துத் தேய்த்து மான் அந்தத் தோலை உரித்துவிடும். அப்போது ரத்தம் கசியும், தோல் நாராகத் தொங்கும். கவனிக்க வேண்டியது, தேய்க்க அங்கே மரமோ கட்டையோ இருக்கிறதா என்பதையும், காயத்தில் ஈ மொய்த்துப் புழு வைத்திருக்கிறதா என்பதையும்தான். குளம்பையும் பாருங்கள். எப்போதும் சேறும் சகதியுமாக உள்ள பட்டியில் குளம்பு தேயாமல் நீண்டு, முனை மேல்நோக்கி வளையும். பராமரிப்பு இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

முதலை வாயைத் திறந்து வைப்பது பெரும்பாலும் உடல் சூட்டைத் தணிக்க. அமராவதி அணைப் பக்கத்து முதலைப் பண்ணையிலும் இப்படிப் பார்க்கலாம். அதற்கு வெயிலும் வேண்டும், நிழலும் வேண்டும், ஏறிப் படுக்க மண்ணும் வேண்டும். முழுக்க சிமெண்ட் தரை என்றால் பாதத்திலும் வயிற்றிலும் புண் வரும். தொட்டிக்குள் நாணயங்கள் கிடந்தால் அது பார்வையாளர்கள் செய்த கேடு. விழுங்கிய காசு வயிற்றிலேயே தங்கிவிடும்.

முள்ளம்பன்றி இரவில் நடமாடும் பிராணி, பகலில் தூங்கத்தான் வேண்டும். ஒளிந்துகொள்ள வளை இல்லாமல், ஊர் பார்க்கத் திறந்த மூலையில் சுருண்டு கிடந்தால் மட்டும் அது குறை.

இனி நரிக்கு வருவோம். பத்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று பாருங்கள். ஒரே தடத்தில் நடந்து, ஒரே மூலையில், ஒரே மாதிரி தலையை வெட்டித் திரும்புகிறதா? கம்பியோரம் புல் அழிந்து மண்ணில் தடம் விழுந்திருக்கிறதா? இரை வைக்கும் நேரத்துக்குச் சற்று முன்பு மட்டும் அலைந்து, தின்றதும் அடங்கிவிட்டால் அவ்வளவு கவலை இல்லை. நாள் முழுக்க நடந்தால் அது மன உளைச்சல். இரவெல்லாம் கிலோமீட்டர் கணக்கில் இரை தேடித் திரியும் பிராணிக்குச் செய்ய வேலையே இல்லை, நாலாபுறமும் ஆட்கள். பெரிய கூண்டாக மாற்றினால் மட்டும் தீராது. வெறும் தரையாக இருந்தால் அங்கேயும் இதே நடைதான். மூன்று பக்கம் மூங்கில் தட்டி கட்டி மறைப்பது, மண்மேடும் புதரும் அமைப்பது, இரையை ஒரே தட்டில் கொட்டாமல் ஐந்தாறு இடங்களில் ஒளிப்பது, ஓட்டை போட்ட மூங்கில் குழாயிலோ சாக்குப் பையிலோ வைத்துத் தேட விடுவது, நேரத்தை மாற்றி மாற்றி வைப்பது: இவ்வளவும் செய்ய லட்சங்கள் தேவையில்லை, மனம்தான் வேண்டும். பழகிப்போன நடை முழுதாக நிற்காமலும் போகலாம். அதனால்தான் தாமதிக்கக் கூடாது என்கிறோம்.

காலிக் கூண்டுகளைப் பார்த்து வருந்தாதீர்கள். இடமில்லாத பூங்கா விலங்குகளைக் குறைப்பது நல்லதே. 1855-இல் தொடங்கிய சென்னை மிருகக்காட்சி சாலை இடப் பற்றாக்குறையால்தான் நகரத்தை விட்டு வெளியேறி, 1985-இல் வண்டலூரில் திறக்கப்பட்டது. கோவை வ.உ.சி. பூங்காவின் அங்கீகாரமும் இட வசதி உள்ளிட்ட விதிகள் நிறைவேறாததால் 2022-இல் ரத்தானது.

கூண்டுப் பக்கம் இருந்த ஊழியரிடம் சொன்னால், "அது அப்படித்தானுங்க" என்கிறார். யாரிடம் புகார் செய்வது?
– வாசகர், பல்லடம்

அவரால் முடிவெடுக்க முடியாது, அவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. தேதி, நேரம், எந்தக் கூண்டு, என்ன பார்த்தீர்கள் என்று நான்கே வரி எழுதுங்கள். அலையும் விலங்கென்றால் இரண்டு நிமிடம் நிறுத்தாமல் எடுத்த வீடியோ வேண்டும். போட்டோவில் நடை தெரியாது. "கொடுமை" என்ற சொல்லைத் தவிர்த்து, "குடிநீர்த் தொட்டி காலி, பகல் 12 மணி, நிழல் இல்லை" என்று எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பூங்கா மாநகராட்சியுடையது என்றால் ஆணையருக்கு, வனத்துறையுடையது என்றால் மாவட்ட வன அலுவலருக்கு. நகல் டெல்லியில் உள்ள மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்துக்கு. 1992-இல் அமைந்த இந்த ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் எந்த உயிரியல் பூங்காவும் இயங்கக் கூடாது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாளிலும் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி, கடந்த ஓராண்டில் இறந்த விலங்குகளின் பட்டியல், உடற்கூறாய்வு அறிக்கைகள், தீவனப் பதிவேடு, கால்நடை மருத்துவர் வந்த தேதிகள் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் கெடு. இறந்த ஒவ்வொரு விலங்குக்கும் உடற்கூறாய்வு கட்டாயம் என்பதால் "இல்லை" என்ற பதிலே உங்கள் அடுத்த மனுவுக்கு ஆதாரம்.

மான்களுக்குப் பொரி, பிஸ்கட் போடுவது தப்பா? பசியோடு ஓடி வருகின்றனவே?
– வாசகி, திருச்செங்கோடு

தப்புதான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. ஓடி வருவது பழக்கத்தால், பசியால் அல்ல. மாவுப் பண்டம் அசைபோடும் பிராணியின் முதல் இரைப்பையில் வேகமாகப் புளித்து அமிலமாகும். வயிறு உப்பும், தீவனம் எடுக்காது, அளவு மிஞ்சினால் செத்தும் போகும். உப்பு ஒட்டிய பாலித்தீன் கவரை அது அப்படியே விழுங்கிவிடும். அது வெளியேறாமல் உள்ளேயே உருண்டு திரண்டு வயிற்றை அடைத்துக்கொள்ளும். வயிறு நிறைந்த மாதிரி தெரியும், முதுகெலும்பு துருத்தும். குழந்தை கையில் கவர் இல்லாமல் உள்ளே போங்கள்.

வீட்டில் வளர்த்த பச்சைக்கிளியைப் பூங்காவில் கொடுத்துவிடலாமா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பச்சைக்கிளி வளர்ப்பதே சட்டவிரோதம், கொடுத்துவிட நினைத்தது நல்லது. நேராகப் பூங்காவுக்குப் போகாமல் அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில் ஒப்படையுங்கள். தோட்டத்தில் திறந்துவிட வேண்டாம். இறக்கை வெட்டிய, கையில் தின்று பழகிய கிளிக்கு இரை தேடத் தெரியாது, பூனைக்கோ பருந்துக்கோ இரையாகிவிடும். கொண்டுபோக, காற்றோட்டத்துக்குத் துளையிட்ட அட்டைப்பெட்டி போதும். உள்ளே இருட்டாக இருந்தால் மிரளாது.