நடுவில் வெள்ளை வட்டம்: ஃபில்டரை மாற்ற வேண்டாம்

வணக்கம் நண்பரே. பெரும்பாலும் அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும் 720 நானோமீட்டர் ஃபில்டர் போட்டு எஃப் 16 (லென்ஸின் சிறிய துவாரம்), ஐஎஸ்ஓ 800 (ஒளியுணர் அளவு), 30 வினாடியில் எடுத்த ஏரிப் படத்தின் நடுவே வெளிறிய வட்டம் விழுகிறது, ஃபில்டர் போலியா என்று கேட்டிருந்தீர்கள். ஃபில்டர் மேல் தவறில்லை. இது ஹாட் ஸ்பாட். லென்ஸின் பூச்சு கண்ணுக்குத் தெரியும் ஒளிக்காகச் செய்தது. அகச்சிவப்பு உள்ளே பட்டுத் தெறித்து நடுவில் சேர்ந்துவிடுகிறது. துவாரம் சுருங்கச் சுருங்க வட்டம் இன்னும் எடுப்பாகத் தெரியும். துவாரத்தைப் பெரிதாக்கி எஃப் 5.6-க்கு வாருங்கள். அப்போதும் தெரிந்தால் வேறு லென்ஸ்தான் வழி. விலை கூடினால் நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது, பழைய லென்ஸ்களையும் மாட்டிப் பாருங்கள்.

படம் முழுக்கப் படியும் சிவப்பு அடங்க, ரா-வில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பில்) எடுத்து, வெயில் படும் புல்லை வைத்து ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) செய்யுங்கள்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கரையோர மரத்தின் இலைகள் வெண்புகையாகக் கரைய, அடிமரம் மட்டும் கறுத்து நிற்கிறதே, படத்தின் உயிரே அதுதான். இலையின் உள்திசு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புவதால் வரும் வெண்மை அது. 1910-இல் இத்தகைய படங்களை வெளியிட்ட அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் பெயரால் வுட் விளைவு என்பார்கள். புகைபோன்ற கரைவு வேறு, அது நீண்ட நேரத்தில் இலைகள் அசைவதால் வருவது; எஃப் 5.6-இல் நேரம் சுமார் 4 வினாடியாகக் குறைந்து அந்தக் கரைவு போய்விடும். ஐஎஸ்ஓவை 100-க்கு இறக்குங்கள், 30 வினாடி திரும்பக் கிடைக்கும். எடுத்ததும் இங்கே போடுங்கள், பார்க்க ஆவலாக இருக்கிறேன்.